உறிஞ்சும் பக்கம்

படகுத்துறையில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அவசரம்' என்றால் போதும், எஞ்சின் மெக்கானிக் திரும்பிப் பார்ப்பான். டீ ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? வேலையில் கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப் பிறர் சொல்லும்வரைகூட அவனால் காத்திருக்க முடியாது. தங்கையின் படகில் தான் கைவைத்த எஞ்சின் ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை என்று கேட்டவர்களுக்கும் சொல்வான், கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

தங்கை முகத்துவாரத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றிப்போகிறவள். அன்று காலை முதல் நடைக்கு முன்பே எஞ்சினடியில் தண்ணீர் கசிந்தது. எஞ்சின் சூடேறாமல் இருக்கப் படகின் அடியிலிருந்து தண்ணீரை இழுத்துவரும் ஹோஸ் விரிசல் விட்டிருந்தது. அவசரம் கடைக்கு ஓடினான்.

கடைக்காரர் இரண்டை எடுத்துப் போட்டார். ஒன்று, ரப்பருக்குள் கம்பிச்சுருள் ஓடுகிற தடித்த ஹோஸ். மற்றது கார் ரேடியேட்டருக்குப் போடும் ஹோஸ், கம்பி கிடையாது.

"எந்தப் பக்கத்துக்கு?" என்றார் கடைக்காரர்.

"எஞ்சினுக்குத்தான். பின்ன என் வீட்டுக் குழாய்க்கா?"

கம்பி ஹோஸை வளைத்துப் பார்த்தான். அது மசியவில்லை. படகில் அந்த இடம் ஒடுக்கமானது, இருக்கைப் பலகையைக் கழற்றாமல் இது உள்ளே போகாது. கழற்றினால் அரைநாள் போய்விடும். துறையில் ஆட்கள் வேறு நிற்கிறார்கள். மற்றதோ சொன்னபடி வளைந்தது. கொதிக்கிற தண்ணீரையே தாங்குவது பச்சைத் தண்ணீரைத் தாங்காதா என்று அதை வாங்கிக்கொண்டு வந்தான்.

தங்கை அதை விரலால் அமுக்கிப் பார்த்தாள். "அமுங்குதேண்ணா. உள்ள கம்பி இல்லையா?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா? நீ போய் ஸ்டீயரிங்கைப் பிடி."

கிளாம்பை முறுக்கினான். படகு கட்டியிருக்கும்போதே எஞ்சினை ஓட்டிக் காட்டினான். பின்பக்கம் தண்ணீர் நன்றாகவே கொட்டியது. அவள் வேறொன்றும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்தாள்.

அவன் நேராக ஜூஸ் கடைக்குப் போனான். காகித ஸ்ட்ரா. முதலில் நன்றாகத்தான் வந்தது. தாகம் அடங்கவில்லை, வேகமாக இழுத்தான். ஊறியிருந்த ஸ்ட்ரா தட்டையாக ஒட்டிக்கொண்டது, சொட்டுகூட வரவில்லை. விட்டதும் விரிந்தது. இழுத்தான், மறுபடி ஒட்டியது.

ஸ்ட்ராவை வெளியே எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தான். காரில் தண்ணீர் ஹோஸை உள்ளிருந்து தள்ளுகிறது. இங்கே பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது. எந்தப் பக்கத்துக்கு என்று கடைக்காரர் கேட்டது இதைத்தான். எஞ்சின் மெதுவாக ஓடும்வரை ஒன்றும் தெரியாது. நடு முகத்துவாரத்தில், கடலுக்கு இழுக்கும் நீரோட்டத்தை எதிர்த்து அவள் வேகத்தை ஏற்றுவாள். ஏற்றினால் ஹோஸ் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் நின்றுவிடும், எஞ்சின் காய்ந்து இறுகும். எஞ்சின் செத்த படகை நீரோட்டம் கடல் பக்கம் இருக்கும் பாறைக்குத்தான் கொண்டுபோகும். படகில் அவள் மட்டுமா இருக்கிறாள்?

போன் அடித்தான். எஞ்சின் சத்தத்தில் அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது. கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். மீன்காரர் அப்போதுதான் தன் சின்னப் படகைக் கரையில் சேர்த்திருந்தார்.

"எடுங்க, எடுங்க. தங்கச்சி பின்னாடி போகணும்."

"மீனை இறக்கிட்டு வரேன்."

"மீன் இருக்கட்டும்ங்க. தப்பான ஹோஸைப் போட்டு அனுப்பிட்டேன்."

மீன்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். எஞ்சினை இழுத்துவிட்டார்.

அவசரத்தால் உட்கார முடியவில்லை. எழுந்தான், படகு ஆடியது, உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தான்.

"கையால துடுப்பு போடுறியா? உட்காருப்பா," என்றார் மீன்காரர்.

அமுங்குதேண்ணா என்று கேட்டாளே. கேட்டவளிடம் என்ன சொன்னேன்? வாயில் கொள்ளிக்கட்டையை வைத்தால்தான் என்ன என்று இருந்தது அவனுக்கு. பாறைப் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

ஆனால் தங்கையின் படகு பாறைப் பக்கம் இல்லை. நடு முகத்துவாரத்தையே இன்னும் எட்டவில்லை. கரையை ஒட்டி ஆமை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் போனதும் டீச்சர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "நல்லவேளை வந்தீங்க. உங்க தங்கச்சியைக் கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்லுங்க. எனக்கு முதல் பீரியடே போச்சு."

அவன் தாவி ஏறினான். "வேகத்தை ஏத்தாதே."

"ஏத்தலையே," என்றாள் தங்கை.

"ஏன் ஏத்தலை?"

"நீ கைவச்ச அன்னைக்கு முதல் நடையில நான் எப்பண்ணா ஏத்தியிருக்கேன்?"

குத்தலாகச் சொல்லவில்லை. வெயிலடிக்கிறது என்பதுபோலச் சொன்னாள். அவள் இடுப்பில் ஒரு ஸ்க்ரூட்ரைவர் செருகியிருந்தது. அது அவனுடையதுதான். தொலைந்துவிட்டது என்று வீட்டையே இரண்டாக்கியிருந்தான்.

"போன தடவை கிளாம்ப் லூசு. அதுக்கு முன்னாடி வாஷரைப் போடவே மறந்துட்டே. கரையோரமா மெதுவாப் போனா எல்லாம் தெரிஞ்சிடும். நானே பார்த்துக்குவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவே. அம்மா பேசினாலும் பதில் வராது. எஞ்சினை நான் பார்த்துக்கலாம், உன்னை யார் பார்க்கிறது?"

யாரோ சிரித்தார்கள். அவனுக்குக் காது சுட்டது. நடுவழியில் ஒருநாளும் நின்றதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தானே, நிற்காமல் வைத்திருந்தது அவன் கை இல்லை. அழுகை வந்தது. இத்தனை பேர் நடுவில் அழவும் முடியவில்லை. ஆட்கள் பக்கம் திரும்பினான்.

"தப்பான ஹோஸ் போட்டுட்டேங்க. தப்பு என்னுதுதான், இவ கேட்டும் நான் கேக்கலை. படகைத் திருப்பணும்."

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். தங்கை அண்ணனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு படகைத் திருப்பினாள்.

கம்பி ஹோஸ் வாங்கி, பலகையைக் கழற்றி, வளைவுக்கு இடம் விட்டுப் பொருத்த அரைநாள்தான் ஆனது. ஸ்க்ரூட்ரைவரை அவளே எடுத்துக் கொடுத்தாள். முடித்ததும் கேட்காமலே அவனும் படகில் ஏறிக்கொண்டான்.

நீரோட்டம் தணிந்திருந்த முகத்துவாரத்தின் நடுவில் அவள் திரும்பிப் பார்த்தாள். "ஏத்தட்டுமா?"

அவன் ஹோஸின் மேல் உள்ளங்கையை வைத்தபடி குந்தியிருந்தான். அது கல் மாதிரி நின்றது.

"வேணாம்," என்றான். "இது முதல் நடை."