எஞ்சின் பாசனம்

பல் டாக்டர் பூவிழியின் காரிலிருந்து ஜூன் பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு வடியத் தொடங்கிய தண்ணீர், மறுநாள் காலை ஏழரைக்குள் பதினோராயிரம் லிட்டரைத் தாண்டியது. அந்தக் காரின் ரேடியேட்டர் ஐந்து லிட்டர்தான் கொள்ளும். திருக்காட்டுப்பள்ளிக்குத் தெற்கே, குடமுருட்டி ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலை ஒட்டிய அவள் தெருவில் இதைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது தண்ணீர் உப்பா, நல்லதா என்பதைத்தான். நல்ல தண்ணீர்தான்.

பூவிழிக்கு முப்பத்து நான்கு வயது. கடைத்தெருவில் கிளினிக். அவளுடைய கார் ஒரு சிவப்பு நிறச் சின்ன ஹேட்ச்பேக். வருஷத்துக்கு மூன்று முறை அதை எடுத்துக்கொண்டு, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு ரேஸ் டிராக்கில் நடக்கும் டிராக் டேக்குப் போவாள். அது பந்தயம் இல்லை, கோப்பையும் கிடையாது. யார் வேண்டுமானாலும் சொந்தக் காரில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஆடுமாடோ ஷேர் ஆட்டோவோ குறுக்கே வராத ஒரு சாலையில் ஆசை தீர ஓட்டிப் பார்க்கலாம். சுற்றுக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று மட்டும் சொல்வார்கள். பூவிழிக்கு இரண்டு நிமிஷம் பதினாறு விநாடி. அதைப் பதினைந்துக்குள் கொண்டுவர மூன்று வருஷமாக முயன்றாள். எடையைக் குறைப்பதற்காகப் பின் சீட்டைக்கூடக் கழற்றிப் போட்டாள். அந்தச் சீட்டை அவளுடைய அண்ணன் புகழேந்தி தூக்கிக்கொண்டுபோய் வயலில் மோட்டார் கொட்டகைக்குள் போட்டுக்கொண்டார். அவர் பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர், சாகுபடி செய்பவர். தங்கச்சியின் காரில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை, உட்காரவும் மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்வார். சொல்லும்போது பெரும்பாலும் அந்தச் சீட்டில்தான் சாய்ந்திருப்பார்.

ஜூன் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாவது சுற்றில், எஞ்சினுக்குள் கனெக்டிங் ராடு முறிந்து, எஞ்சினின் கூடான பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கார் ஒரு லாரியின் முதுகில் ஏறி ஊர் வந்து சேர்ந்தது. அதற்கடுத்த வாரம் புகழேந்தியின் போர்வெல் தண்ணீருக்குப் பதிலாக மணலைக் கக்கியது. மேட்டூரில் நீர்மட்டம் போதவில்லை, ஜூன் பன்னிரண்டில் அணை திறப்பதற்கில்லை என்று செய்தி வந்தது. குறுவைக்கு விட்டிருந்த ஒரு மா நாற்றங்கால் விரல் உயரம் வந்து நுனி கருகத் தொடங்கியது. அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு கவலையை வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாம்பார் ஊற்றிக்கொண்டார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் கார் திரும்பி வர ஆடி முடிந்துவிடும். அடுத்த டிராக் டே ஜூலை பதினான்கு. கோயம்புத்தூரில் அதே மாடலுக்கு ஒரு பழைய எஞ்சின் கிடைத்தது. பார்சல் லாரியில் அனுப்பச் சொல்லிவிட்டு, கெட்டுப்போனதை வீட்டிலேயே தானே இறக்குவதென்று பூவிழி முடிவு செய்தாள். கடைவாய்ப் பல்லைத் தாடை அசையாமல் எடுக்கத் தெரிந்தவளுக்கு இதென்ன பெரிய காரியம் என்பது அவள் எண்ணம். காலையில் ஆறிலிருந்து ஒன்பது வரை வீட்டுத் தகரக் கொட்டகையில் கார், பத்து மணிக்குக் கிளினிக்.

முதல் நாள் பேட்டரியை எடுத்தாள். அடுத்து ரேடியேட்டரின் அடி ஹோஸைக் கழற்றி, கீழே பேசின் வைத்தாள். பச்சை நிறக் கூலன்ட் வந்து பேசின் நிறைந்தது. வாளி வைத்தாள், வாளியும் நிறைந்தது. நெல் ஊறப்போடும் அண்டாவும் நிறைந்தது. அதற்கப்புறம் பச்சை போய்த் தெளிந்தது. ஹோஸைத் திரும்ப மாட்டினால் கிளாம்பைத் தள்ளிக்கொண்டு வந்தது. அண்ணி தமிழ்நிலா ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்து, "ஆத்துத் தண்ணி பூவிழி. புதுத் தண்ணி, லேசா வண்டல் இருக்கு" என்றாள். பத்து மணிக்கு ஒருவருக்கு வேர் சிகிச்சை இருந்ததால் பூவிழி கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். கழுவியதும் அந்தத் தண்ணீரில்தான்.

மத்தியானம் சாப்பிட வந்த புகழேந்தி, முற்றத்தில் கணுக்காலளவு தண்ணீரைப் பார்த்தார். மம்பட்டியை எடுத்துக் கொட்டகை வாசலிலிருந்து நாற்றங்கால் வரைக்கும் முழ அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டார். தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று குனிந்து பார்த்தார். மூன்று வருஷத்தில் அந்தக் காரை அவர் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் தங்கை வந்ததும் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாளைக்கு எதக் கழட்டப் போற?"

"சைலன்சர்ண்ணே."

"கழட்டு, கழட்டு."

சைலன்சரைக் கழற்றியதும் வரத்து இரண்டு மடங்கானது. ஏர் ஃபில்டரை எடுத்தபோது கொஞ்சம்தான் கூடியது. வயர்களையெல்லாம் பிரித்துப் பேப்பர் ஒட்டிப் பெயரெழுதி ஒதுக்கிய அன்று மாற்றமே இல்லை, ஆனால் தண்ணீரில் கெண்டைக் குஞ்சுகள் வந்தன. இரண்டு ஆக்சிலையும் உருவிய இருபத்தைந்தாம் தேதி, ஐந்து எச்.பி. மோட்டார் இறைப்பதுபோல விநாடிக்கு ஆறு லிட்டர் கொட்டியது. புகழேந்தியின் நாற்றங்கால் நிமிர்ந்துவிட்டது. மிச்சத்தைப் பக்கத்து வயல்காரி அம்சம் வாங்கிக்கொண்டாள், அவளுக்கு அடுத்தவர்கள் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். நாற்பது மாவுக்குச் சேற்றுழவு ஓடியது. காலையில் பூவிழி ஸ்பேனரோடு காருக்கு அடியில் படுத்தால், வெளியே ஏழெட்டுப் பேர் மம்பட்டியோடு காத்திருந்தார்கள். அறுவடை இயந்திரங்களுக்குப் பட்டறை வைத்திருக்கும் மீரா உசேன், கேட்காமலேயே கனம் தூக்கும் செயின் பிளாக்கையும் அதைத் தொங்கவிடும் இரும்பு முக்காலியையும் கொண்டுவந்து நிறுத்தி, "வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க டாக்டரம்மா" என்றார்.

எஞ்சினைத் தாங்கும் நான்கு மவுண்ட் போல்ட்டுகள் மட்டும் மிச்சமிருந்தபோதுதான் எல்லோருக்கும் பயம் வந்தது. இதுவரை கழற்றக் கழற்றக் கூடியது சரி, முழுசாகக் கழன்றுவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. கோயம்புத்தூர் எஞ்சினும் வந்து தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தது. இருபத்தாறாம் தேதி காலை புகழேந்தி கொட்டகைக்குள் வந்து காரின் மட்கார்டில் கை வைத்தபடி நின்றார்.

"பாப்பா, இதோட நிறுத்திக்க. நாத்துப் பறிச்சு நட்டுப் பச்ச புடிச்சிரட்டும். ஒரு மாசம்."

"பதினாலாம் தேதி டிராக் டேண்ணே."

"வட்டமா சுத்திட்டு வர்றதுதான? அடுத்த மாசமும் அந்த வட்டம் அங்கதான் இருக்கும்."

பூவிழிக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாக அந்த வட்டத்தின் பன்னிரண்டு வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ஊசி போட்டுவிட்டு மரத்துப்போவதற்குக் காத்திருக்கும் ஐந்து நிமிஷத்தில்கூட. என் வண்டி உங்களுக்கு ஒரு போர் செட்டா என்று கேட்க வாயெடுத்தாள். வெளியே அம்சம் தன் நாற்றங்காலில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். பூவிழி ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் போட்டாள். கிளினிக்குக்குப் போகும் வழியில் டிராக் டே நடத்துகிறவர்களுக்கு, தன் பெயரை எடுத்துவிடும்படி செய்தி அனுப்பினாள். அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் வாயை இன்னும் பெரிதாகத் திறக்கச் சொல்லி அதட்டினாள்.

இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் தண்ணீரில் வானவில் நிறத்தில் எண்ணெய் மிதந்தது. நான்காம் நாள் கறுப்பாகவே வந்தது. கெண்டைக் குஞ்சுகள் வயிறு தெரிய ஒதுங்கின, நாற்றின் அடித்தாள் மஞ்சள் பூத்தது. புகழேந்தி வாய்க்கால் வாயில் வைக்கோல் பிரியைச் சுருட்டி வைத்து வடிகட்டிப் பார்த்தார். வைக்கோல்தான் கறுத்தது. பூவிழிக்குக் காரணம் தெரியும். அசைத்துவிட்ட பல்லை அப்படியே விட்டால் சீழ் பிடிக்கும். ஆனால் அதை அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால் டிராக்குக்காகச் சொல்வதாக நினைப்பார்களோ என்று இருந்தது. சொன்னது அம்சம். போன வருஷம் பூவிழியிடம் பல் எடுத்துக்கொண்டவள்.

"ஏங்க புகழேந்தி, பாதி புடுங்கின பல்ல வாயில வெச்சிக்கிட்டு யாராச்சும் இருப்பாங்களா? பாப்பாவ எடுக்கச் சொல்லுங்க. நின்னா நின்னுட்டுப் போவுது."

அவளுடைய ஆறு மாவும் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தன. புகழேந்தி கறுத்த வைக்கோலை வாய்க்காலிலிருந்து எடுத்து வீசினார். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போய்ச் செயினைக் கையில் பிடித்தார்.

ஜூலை ஒன்று, திங்கட்கிழமை, காலை எட்டேகால் மணி. மீரா உசேன் கடப்பாரையால் ஒரு பக்கம் நெம்பினார், புகழேந்தி செயினை இழுத்தார், பூவிழி கீழே படுத்து நான்காவது போல்ட்டை உருவினாள். எஞ்சின் ஒருமுறை திரும்பி, தோள் இடிக்காமல் வாசல் தாண்டுகிற ஆளைப்போல ஒருச்சாய்ந்து, காரை விட்டு மேலே வந்தது. தண்ணீர் நின்றது. சொட்டுக்கூட இல்லை. பன்னிரண்டு நாளாகக் கேட்டுப் பழகிய சத்தம் போனதும், எல்லோருக்கும் காது அடைத்ததுபோல் ஆகிவிட்டது. வாய்க்காலில் கடைசித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதை மம்பட்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூவிழிக்கு அண்ணனை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

புகழேந்தி செயினை விடவில்லை. "பரவால்ல பாப்பா," என்றார். "நீ ஒன் வண்டியப் பாரு."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் பூவிழி அழுதிருக்க மாட்டாள். முழங்கையால் கண்ணைத் துடைத்தபோது கன்னத்தில் கிரீஸ் அப்பியது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. உள்ளே போய்க் கிளினிக் பையை எடுத்துவந்தாள். தலையில் லைட்டை மாட்டிக்கொண்டு, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைப் பிளாக்கின் ஓட்டைக்குள் விட்டாள். முறிந்த ராடின் ஒரு துண்டு, எலுமிச்சை விதை வடிவில், உள்ளே குறுக்கே சிக்கியிருந்தது. பல் எடுக்கும்போது வேர் முறிந்து தங்கிவிடுவது உண்டு. அவளுக்கு அது பழகிய வேலை. "ஆட்டாமப் புடிங்கண்ணே" என்றாள். புகழேந்தி எஞ்சினை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். இடுக்கியை விட்டு, இடம் வலமாக இரண்டு அசைப்பு, ஒரு திருகு. துண்டு வந்துவிட்டது. பின்னாலேயே ஓட்டையிலிருந்து தண்ணீர் பீறிட்டு மீரா உசேனை நெஞ்சோடு நனைத்து, கொட்டகைத் தகரத்தில் மோதிச் சிதறியது. துளி எண்ணெய் இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. "தண்ணி! தண்ணி!" என்று கத்தியது புகழேந்திதான். பிறகு அவரே கூச்சப்பட்டுக்கொண்டு வாய்க்காலைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் எஞ்சினை டிராக்டர் பெட்டியில் ஏற்றி, போகிற வழியெல்லாம் ரோட்டை நனைத்துக்கொண்டே வாய்க்கால் தலைப்புக்குக் கொண்டுபோய், மீரா உசேன் போட்டுக் கொடுத்த சிமென்ட் மேடையில் வைத்தார்கள். ஜூலை பத்துக்குள் நாற்பது மாவிலும் நடவு முடிந்தது. ஷட்டர்களைத் திறந்து மூடும் லஸ்கர் வைத்தியலிங்கம் சைக்கிளில் வந்து, அளவுகோலை நட்டுப் பார்த்து, வரத்து விநாடிக்கு எட்டு லிட்டர் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, மேடைக்கு எண் போட்டுவிட்டுப் போனார். மாதக் கடைசியில் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்ததும், எஞ்சின் தானாகவே விரல் கனத்துக்குக் குறைந்துகொண்டது. ஆறு வற்றினால் கூடும், ஆறு வந்தால் குறையும். இரண்டு வாரத்தில் இது எல்லோருக்கும் பழகிவிட்டது.

கோயம்புத்தூர் எஞ்சினைப் பூவிழி ஆடி மாதம் முழுக்க நிதானமாக ஏற்றினாள். அதிலிருந்து ஒன்றும் வரவில்லை, புகை மட்டும் கொஞ்சம் வந்தது. செப்டம்பர் பதினைந்தாம் தேதி நடந்த டிராக் டேக்கு, அறுப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று புகழேந்தியும் கிளம்பினார். காலையில் அவள் மட்டும் ஓட்டினாள். ஏழாவது சுற்றில் பலகையில் இரண்டு நிமிஷம் பதினான்கு புள்ளி ஆறு என்று விழுந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். மத்தியானம், ஓட்டுபவரோடு இன்னொருவரும் உட்காரலாம் என்றார்கள். புகழேந்தி இரவல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி, இரண்டு சுற்று வந்தார். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"எப்டிண்ணே இருந்துச்சு?"

"அந்த ஒம்பதாவது வளைவுல நீ சீக்கிரமா திருப்புற. தண்ணி அப்டித் திரும்பாது."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பூவிழி அந்த வளைவையே நினைத்துக்கொண்டு வந்தாள். அவர் சொன்னது சரிதான்.

அடுத்த வருஷம் பாசனக் கணக்கெடுப்புக்கு வேளாண்மைத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சீர்காழிக்காரர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சிமென்ட் மேடைக்கு முன்னால் நின்று, கையிலிருந்த படிவத்தைப் புரட்டினார். அதில் ஆறு, ஏரி, கிணறு, ஆழ்துளைக் கிணறு, இதர என்று கட்டங்கள் இருந்தன. தண்ணீர் விநாடிக்கு எட்டு லிட்டர் வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. வரப்பில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்த அம்சத்திடம், "இது எத்தன எச்.பி.ங்க?" என்று கேட்டார்.

"எச்.பி. எல்லாம் இல்லைங்க சார்," என்றாள் அம்சம். "இது செத்த எஞ்சின். தண்ணி மட்டும்தான் வரும்."

அதிகாரி சரி என்று தலையாட்டி, இதர என்ற கட்டத்தில் டிக் செய்துவிட்டு, அடுத்த வயலுக்கு எப்படிப் போவது என்று வழி கேட்டார்.