கறுத்த கண்மலர்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. பக்கத்து வீட்டுக் கலைமதி என் சமையலறையில் நின்று அழுதுகொண்டே சொன்னது. சொல்லி முடித்ததும், "யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா" என்றாள். "சத்தியமாச் சொல்லமாட்டேன்" என்றேன். அவள் கேட்டைச் சாத்திவிட்டுப் போகும் சத்தம் கேட்பதற்குள் நோட்டை எடுத்துவிட்டேன். எழுதுகிறவர்களிடம் ரகசியம் சொல்லக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்குக் கதை கிடைத்திருக்காது.

நான் ஆலங்குடியில் இங்கிலீஷ் டீச்சர். கதையும் எழுதுவேன். இரண்டில் எது உருப்படியான வேலை என்று இதைப் படித்து முடித்ததும் நீங்களே சொல்லுங்கள்.

2

தொடக்கம் ஒன்று:

"கலைமதியின் விரல் நுனியில் எப்போதும் ஒரு கண் ஒட்டிக்கொண்டு..."

சகிக்கவில்லை. விடுங்கள்.

தொடக்கம் இரண்டு:

"வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகைக்குள், அவள் பிசாசுகளை..."

பிசாசுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அவள் நகை செய்கிறாள். வெளிநாடுகளில் அக்டோபர் கடைசியில் பேய் வேஷம் போடும் நாள் ஒன்று வருகிறது. அதற்கு மாட்டிக்கொள்ள வௌவால் தோடு, பல் கோத்த மாலை, அறுந்த விரல் மாதிரி ஹேர் கிளிப், முழிக்கிற கண் வைத்த மோதிரம். எல்லாம் ரெசின் என்கிற பிசினில் வார்த்தது. மொபைலில் வீடியோ பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொம்மை செய்யும் களியில் உருவம் பிடிப்பாள். அதைச் சுற்றி அட்டை வைத்து, சிலிக்கான் ரப்பரை ஊற்றி அச்சு எடுப்பாள். அச்சு இறுகியதும் உருவத்தைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பள்ளத்தில் ரெசினையும் அதை இறுக்கும் ஹார்டனரையும் எடை போட்டுக் கலந்து ஊற்றுவாள். வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழ் விழும். அப்படியும் விழுகிற குமிழைப் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்திவிடுவாள். மறுநாள் அச்சை மடக்கினால் ஒரு கண் பொதுக்கென்று வெளியே வந்து விழும். சிவப்பு நூலைப் பிரித்து அதன்மேல் ரத்த நரம்பு ஒட்டுவாள்.

அவளுடைய மாமியார் மூக்காயிக்கு இதைப் பார்த்தால் ஒரே சிரிப்பு. "ஏத்தா, நாமெல்லாம் இதப் பூசணிக்காயில வரஞ்சு வாசல்ல தொங்க விடுவோம். அவளுக காதுலயா தொங்க விடுறாளுக?" என்பார். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு கண்ணையும் பஞ்சில் சுற்றி டப்பாவில் அடுக்கிக் கொடுப்பார். மாமியார் மருமகள் சண்டையைத்தான் இந்தக் கதையில் எதிர்பார்த்தீர்கள் என்றால், மன்னிக்கவும், அந்த வீட்டில் அது இல்லை. இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

(இடையில் ஒன்று: இந்த நகைகளை மொத்தமாக வாங்கும் வெளிநாட்டுக்காரி அனுப்பும் மெயிலைப் படித்துச் சொல்வதும், பதில் எழுதுவதும் நான். "இப்போதுதான் பிடுங்கிய கண்" என்று அந்த மோதிரத்துக்கு இங்கிலீஷில் விளம்பரம் எழுதியவளும் நான்தான். நன்றாக விற்றது.)

3

கலைமதியின் புருஷன் செம்மலுக்குப் புதுக்கோட்டை ரோட்டில் வெல்டிங் பட்டறை. ஆகஸ்டில் ஒருநாள் கண்ணாடி போடாமல் கிரைண்டரில் கம்பி அறுத்தான். இரும்புத் துணுக்கு வலது கண்ணில் ஏறிவிட்டது. கசக்கிவிட்டுக்கொண்டே இரண்டு நாள் வேலை பார்த்திருக்கிறான், மடையன். மதுரை டாக்டர் பார்த்துவிட்டு, "ரெண்டு ஆபரேஷன் பண்ணணும். அப்பவும் பார்வை வர்றது பாதிக்குப் பாதிதான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இந்த வாக்கியத்தை நீங்களாவது நினைவில் வையுங்கள். அந்த வீட்டில் எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

மூக்காயி நார்த்தாமலை அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். வெள்ளியில் கண்மலர்; இமையும் கருவிழியும் வரி வரியாய் வெட்டிய இரண்டு கண்கள். மகனுக்குப் பார்வை தெளிந்ததும் கொண்டுபோய்ச் சாத்துவதாக வேண்டுதல். முன்னாடியே வாங்கி, ஒரு ரூபாய்க் காசோடு மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்துவிட்டார். அந்த முடிச்சைக் கோயிலில்தான் அவிழ்க்க வேண்டும். அதுவரை கறி மீன் கிடையாது. சாவு வீட்டுக்குப் போனால் தலை முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது.

முதல் ஆபரேஷன் முடிந்து செம்மல் கட்டோடு வீட்டில் படுத்திருந்தான். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக்காரியிடமிருந்து மெயில். உருண்டைக் கண் அலுத்துவிட்டதாம். பழைய கோயிலிலிருந்து எடுத்த மாதிரி, பார்த்தால் பயம் வருகிற தட்டைக் கண் வேண்டுமாம். கலைமதி களியில் நாலு தடவை பிடித்துப் பார்த்தாள். நாலும் மீன் கண்ணாட்டம் வந்தன. ஐந்தாம் நாள் மூக்காயி தன் அண்ணன் சாவுக்கு அன்னவாசல் போயிருந்தார். அந்தப் பகலில் கலைமதி, தானாகவே யோசித்து, மஞ்சள் முடிச்சை அவிழ்த்தாள்.

வெள்ளிக் கண்களைக் களியில் பாதி பதித்தாள். மேலே சிலிக்கானை ஊற்றினாள். சாயங்காலத்துக்குள் இறுக வேண்டுமே என்று ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டே இருந்தாள். திறந்தால் அச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. சிலிக்கான் கோந்தாக ஒழுகியது. அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு கண்ணும் கன்னங்கரேல் என்று இருந்தன.

பழைய களி தீர்ந்து, இந்தத் தடவை ஆன்லைனில் புதிதாக வாங்கிய களியில் கந்தகம். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். அவள் ஊற்றிய சிலிக்கானும் இறுகாது. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருந்தது. அதை அவளுக்குப் படித்துச் சொல்லியிருக்க வேண்டிய...

அப்புறம் விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறாள். மேல்பக்கம் வெளுத்தது. வெட்டுக் கோடுகளில் கறுப்பு அப்படியே நின்றுவிட்டது. மாமியார் பஸ் இறங்கி வரும் நேரம். பழையபடி முடிந்து வைத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து இரண்டாம் ஆபரேஷன். வலது கண் போய்விட்டது.

அன்றைக்கு மூக்காயி படத்தின் முன்னால் உட்கார்ந்து, "என் ஆத்தாளே, கேட்டது என்ன, குடுத்தது என்ன?" என்று சத்தம் போட்டுக்கொண்டே முடிச்சைப் பிரித்தார். உள்ளே கண் கறுத்துக் கிடந்தது. அவர் மருமகளைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை.

"நாந்தேன்" என்றார். "எழவு வீட்டுல இருந்து வந்தவ, வாசல்ல தண்ணி எடுத்து வச்சுட்டு நிக்கிறேன். புள்ள உள்ளேருந்து தண்ணி தண்ணின்னான். முழுகாம ஓடியாந்துட்டேன். ஆத்தா பாத்துட்டா. எம் புள்ள கண்ண நாந்தேன் அவிச்சுட்டேன்."

அன்றிலிருந்து ஒரு வேளைச் சோறுதான். செருப்பு இல்லை. சிமெண்டுத் தரையில் வெறுமனே படுக்கை. இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மகன் இருக்கும் அறைக்குள் அவர் போவதில்லை. "அம்மா எங்க?" என்று அவன் கேட்டால் கொல்லைப் பக்கம் போய்விடுகிறார். இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

4

வாக்குக் கொடுத்திருக்கிறேனே, அடையாளம் தெரியாமல் எழுதலாம் என்று பார்த்தேன். ஊரை மாற்றினேன். மாமியாரைப் பெரியம்மா ஆக்கினேன். கண்ணைக் கால் ஆக்கினேன்; வெள்ளியில் கால் செய்து சாத்துகிறவர்களும் உண்டு. ஆனால் பேய் நகை செய்கிற பெண்ணுக்குக் காலை வைத்து என்ன வேலை? வெள்ளியைத் தங்கமாக்கினேன். தங்கம் கறுக்கவில்லை. கறுக்காவிட்டால் கதை இல்லை.

ஒவ்வொன்றாகத் திரும்ப மாற்றி, இருந்தபடியே வைத்துவிட்டேன். கலைமதியைவிட எனக்குக் கதை பெரிதாகப் போய்விட்டது. இப்படிச் சொன்னால் ஒளிவு மறைவில்லாத எழுத்தாளர் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அவளிடம் நேராகவே கேட்டேன். "கலை, அந்த மனுஷி ஒன்னால செத்துக்கிட்டிருக்கு. களிதான் காரணம்னு சொல்லிர வேண்டியதுதானே?"

"சொன்னா எங்க வீட்டுக்காரவுக என்னைய ஏறெடுத்தும் பாக்க மாட்டாகக்கா. எம் பொண்டாட்டிதான் கண்ணப் புடுங்குனான்னு சாகுறவரைக்கும் சொல்லுவாக. எம் புள்ள இலக்கியாவ இழுத்துக்கிட்டு நான் எங்கிட்டுப் போறது?"

"கந்தகம் பட்டா வெள்ளி கறுக்கும். சயின்ஸு. பத்தாவது புஸ்தகத்துல இருக்கு. நான் வந்து சொல்றேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "களிதான்னு எனக்கும் தெரியும்க்கா. ஆனா அவுத்தது நாந்தானே? அவுக்காம இருந்திருந்தா?"



5

மூன்றாம் பகுதியில் ஒரு பொய் இருக்கிறது. "தானாகவே யோசித்து" என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். நாலு தடவை திருத்தினேன். நாலு தடவையும் அந்த இரண்டு வார்த்தையையும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.

நடந்தது இது. கலைமதி நாலாவது மீன் கண்ணைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். கூடவே களி பாக்கெட்டையும் வைத்தாள். "இதுல என்னமோ எழுதிருக்குக்கா, என்னன்னு பாருங்களேன்" என்றாள். நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். பாக்கெட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஒன்னுமிருக்காது, எல்லாம் ஒரே களிதான்" என்றேன். அப்புறம், "ஒங்க மாமியார் முடிஞ்சு வச்சிருக்காங்கள்ல, அதையே வச்சு அச்சு எடேன். தேஞ்சா போகப்போகுது?" என்றேன்.

"ஐயோ, அத்தைக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சாத்தானே?"

சிரித்துக்கொண்டே சொன்னேன். முற்போக்குக்காரி அல்லவா நான்? அவளும் சிரித்தாள்.

என் சமையலறையில் நின்று அழுத அன்றைக்கு அவள் எல்லாவற்றையும் சொன்னாள், இதைத் தவிர. "நீங்க சொல்லித்தானேக்கா" என்று ஒரு வார்த்தை வரும் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. மறந்துவிட்டாளா, விட்டுக்கொடுத்தாளா, தெரியாது. திட்டியிருந்தால் என்னை நானே நியாயப்படுத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

6

முடிவுகள்:

(அ) கலைமதி சொல்லிவிடுகிறாள். மூக்காயி அவளைக் கட்டிக்கொண்டு, "போடி பைத்தியக்காரி" என்கிறார். இருவரும் அழுகிறார்கள். இதை எழுதி முடித்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது.

(ஆ) கலைமதி சொல்லிவிடுகிறாள். மூக்காயி அன்றைக்கே வயிறாரச் சாப்பிட்டு, மகன் பக்கத்தில் போய் உட்காருகிறார். கலைமதியும் பிள்ளையும் பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள். இது நடக்கும். நடக்கும் என்பதால்தான் எழுதக் கை வரவில்லை.

(இ) யாரும் எதுவும் சொல்லவில்லை. மூக்காயி தை மாதத்தைப் பார்க்க...

(ஈ) நான் போய்ச் சொல்கிறேன். "யோசனை என்னோடது, பாக்கெட்டைப் படிக்காததும் நான்" என்று அந்த வீட்டு நடுவில் நின்று சொல்கிறேன். இந்த முடிவை எழுதுவதற்கு முன்னால் காப்பி போடப் போனேன். வந்து வேறு வேலை பார்த்தேன்.

7

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூக்காயி என் வீட்டுக்கு வந்தார். வெயிலில் வெறுங்காலோடு நடந்து வந்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. வெள்ளிக்கெழம காளி கோயில்ல கட்டணும்."

எங்கள் ஊர்க் காளி கோயில் சூலத்தில் சீட்டு எழுதிக் கட்டுவார்கள். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவன், கோழி திருடியவன், மகளைக் கைவிட்டவன் என்று அடுத்தவர் மேல் எழுதிக் கட்டுவது. தன் மேலேயே எழுதச் சொல்லி வந்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கலைகிட்டச் சொன்னா அழுகும். நீங்க நல்லா எழுதுவீகன்னு அதுதேன் சொல்லும்."

வாயைத் திறந்தேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தேன். "பேப்பர் எடுத்துட்டு வாரேன்" என்று வந்தது.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தீட்டோடு உள்ளே வந்தது, அம்மனின் கண் கறுத்தது, மகன் கண் போனது. "அறியாமல் செய்த பிழை" என்று ஒரு வரி நானாகச் சேர்த்து வாசித்தேன். கையை அசைத்து நிறுத்தினார்.

"அறியாமன்னு போடாதீக. தெரிஞ்சேதேன் ஓடியாந்தேன். பொய் எழுதுனா ஆத்தாளுக்குப் பொறுக்காது."

அந்த வரியை அடித்தேன். கடைசியில், "அவனுக்கு மிச்சமிருக்குற ஒரு கண்ண விட்டுரு, எங் கண்ணு ரெண்டையும் எடுத்துக்க" என்றார். எழுதினேன். ஓசை சரியாக விழவில்லை என்று இரண்டு வார்த்தையை இடம் மாற்றிப் போட்டேன். ஆமாம், அந்த நேரத்திலும் மாற்றிப் போட்டேன். முழுவதும் வாசித்துக் காட்டினேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். இத்தனை வருடத்தில் நான் எழுதியதைக் கேட்டு ஒருவர் அழுதது அதுதான் முதல் தடவை.

எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். "வீட்டுல வச்சா யாராச்சும் பாத்துருவாக. இங்கனயே இருக்கட்டும். வெள்ளிக்கெழம வெள்ளன வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

8

இன்றைக்கு வியாழக்கிழமை. சீட்டு மேஜைமேல் இருக்கிறது. பக்கத்தில் இந்தக் கதை இருக்கிறது. சீட்டைக் கொடுத்தால் ஒருத்தி சாவாள். கதையைப் படித்துக் காட்டினால் இன்னொருத்தி தெருவுக்கு வருவாள். மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு இரண்டிலுமே ஒன்றும் ஆகாது. மிஞ்சிப்போனால் கதை நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்வார்கள்.

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை போகிறேன். அங்கே ஒரு வேலையும் இல்லை. கதவை வெறுமனே சாத்தி வைத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் உள்ளே இருங்கள்; மேஜைமேல் இருக்கும் இரண்டில் எதை எடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. இந்த ஊரில் கலைமதிக்கும் எனக்கும் அடுத்து, நடந்தது தெரிந்தவர் இப்போது நீங்கள் மட்டும்தான்.

அவர் வந்து, "டீச்சரம்மா" என்று கூப்பிடுவார். உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிட்டால் போகமாட்டார். வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்பார். பேசாமல் உட்கார்ந்திருக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இத்தனை நாளும் நான் அப்படி உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எழுந்து போய்த் திறங்கள்.