ஸுஹ்தி சொன்ன வழி

கதவுக்குக் குறுக்கே நஜாஹ் கையை நீட்டியிருந்தாள்.

"நில்லு தீமாம்மா. நீ உள்ள போகக் கூடாது."

பெண்கள் வரிசையில் ஏதோ ஒழுங்கு செய்கிறாள் என்றுதான் இன்ஷிராஹ் முதலில் நினைத்தாள். கூடத்தில் சோபாக்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, நடுவில் பலகைக் கட்டிலில் அவள் கணவன் ரஸ்மியைக் கிடத்தியிருந்தார்கள். மருத்துவமனையிலேயே குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்துவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக நெற்றியில் முத்தமிட்டுவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நண்பகல் தொழுகைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. தொழுகை முடிந்தால் நேரே அடக்கம்.

"நான் போகாம வேற யாரு மதினி போறது?"

இறந்தவனின் அக்காள் நஜாஹ். காலையிலிருந்து அழுதழுது அவள் மூக்கு சிவந்திருந்தது. அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் கையை மட்டும் எடுக்கவில்லை.

"நீ அவனுக்கு இப்ப அந்நியப் பொம்பளை. தலாக் ஆகி எட்டு மாசமாச்சு. நீ தொட்டா அவனுக்குத்தான் பாவம்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தது நின்றது. அடுத்த மாடிக்காரி தஸ்பீஹ் மணியை விரலில் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள். எட்டு மாதமாக அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாத விஷயம் அரை நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ரஸ்மி, ஸர்க்கா நகராட்சியின் நீரேற்று நிலையத்தில் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அன்று காலை ஏழு மணிக்கு ரொட்டிக் கடை வரிசையில் நின்றவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றவரின் முதுகில் சாய்ந்தானாம். முக்கிய நாற்சந்தியில் பெரிய ரொட்டிக் கடை இருந்தும் அவன் ஒரு வருடமாகப் பின்சந்துக் கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். நாற்சந்தியில் போலீஸ் நின்று அடையாள அட்டை பார்க்கும். அவன் பெயரில் கடன் பாக்கிக்காகக் கைது உத்தரவு இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் வங்கிக் கடன் போட்டு ஒரு பழைய மினி பஸ் வாங்கினான். ஓட்டுநர் வைத்துத் தலைநகர் அம்மானுக்கு ஓட்டினால் மகள் தீமாவின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று கணக்கு. பத்தாவது மாதம் இஞ்சின் போனது. இஞ்சினுக்குத் தெரிந்தவர்களிடம் கடன். டயருக்கு டயர் கடை அபூ தஹ்ஸீனிடம் கடன். வங்கித் தவணைக்கு வட்டிக்காரனிடம் கடன். கடைசியில் எந்தப் பணம் எந்தக் கடனை அடைக்க வாங்கியது என்று அவனுக்கே மறந்துவிட்டது.

ஆலோசனைக்கு மட்டும் குறைவில்லை. வங்கியில் ஒரு பெண் அவனை உட்காரவைத்து, அச்சடித்த தாளில் செலவுகளை எழுதச் சொல்லி, இறைச்சியையும் சிகரெட்டையும் அடித்துக் கொடுத்தாள். அவன் இரண்டையும் விட்டான். கடன் அப்படியே இருந்தது. பிறகுதான் அண்ணன் ஸுஹ்தியிடம் போனான்.

முப்பது வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர் ஸுஹ்தி. கடன்பட்டவர்கள் அவர் வீட்டுக் கூடத்தில் வரிசையாகக் காத்திருப்பார்கள். எந்தக் கடனை முதலில் கட்டுவது, எதை இழுத்தடிப்பது, எந்தத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்று காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொல்வார். பணம் கேட்கமாட்டார். "பத்திரச் செலவுக்கு" என்று வைத்துவிட்டுப் போனால் எடுத்துக்கொள்வார்.

தம்பிக்கு அவர் சொன்ன முதல் வழி, பஸ்ஸைத் தன் மகன் காலிபின் பெயருக்கு மாற்றுவது. அப்படிச் செய்தால் யாரும் ஜப்தி செய்ய முடியாது. மாற்றினார்கள். இஞ்சினைச் சரிசெய்து காலிப் ஓட்டினான். தவணையை ரஸ்மி கட்டினான். இரண்டாவது வழியைச் சொல்ல ஸுஹ்தியே வீட்டுக்கு வந்தார். இன்ஷிராஹ் காப்பித் தட்டோடு நிற்கும்போதே, மருந்துச் சீட்டு வாசிப்பவர் போலச் சொன்னார். ரஸ்மி அவளைத் தலாக் சொல்லவேண்டும். தலாக் சொன்னால், கல்யாணத்தில் அவளுக்குப் பேசிய மஹரில் பாக்கி வைத்த தொகையை உடனே கொடுக்கவேண்டும். அதற்கு ஈடாக இந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிடலாம். கடன்காரர்கள் வரும்போது ரஸ்மி பெயரில் ஒரு நாற்காலிகூட இருக்காது.

"வெறும் காகிதம்தான். நீங்க பாட்டுக்கு இங்கயே இருங்க. ஆனா ஒண்ணு, மூணு மாசத்துக்கு இவன் உன் பக்கம் வரக் கூடாது. வந்தா தலாக் முறிஞ்சு போகும். எல்லாம் வீண்."

அதை அவர் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். ரஸ்மி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீதிமன்றத்தில் ரஸ்மி அந்த வார்த்தையைத் தடுமாறாமல் சொன்னான். வீட்டில் ஒத்திகை பார்த்திருப்பான் போலிருந்தது. வெளியே வந்ததும் தள்ளுவண்டியில் எள் ரொட்டி ஒன்று வாங்கி, பாதி பிய்த்து அவளிடம் நீட்டினான். காலையிலிருந்து சாப்பிடாததால் அவளும் வாங்கித் தின்றாள். இருபத்திரண்டு வருடத்துக் கல்யாணம் முடிந்த கால் மணி நேரத்தில், நடைபாதையில் நின்று, உதட்டில் எள் ஒட்ட. 

ஒன்பது நாள் அவன் கூடத்துச் சோபாவில் படுத்தான். பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து சாப்பிட்டாயிற்று. தீமா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரஸ்மி படுக்கையறை வாசலில் வந்து நின்றான். "சோபா முதுகைக் கொல்லுது" என்றான். அவள் சிரித்துவிட்டாள்.

ஆனால் அதன் பிறகும் அண்ணன் கேட்கும்போதெல்லாம், "சோபாலதான் அண்ணே படுக்குறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் காது கேட்கவே சொல்லியிருக்கிறான்.

"உம்மா."

தீமா அவள் தலைத்துணியின் நுனியை இழுத்தாள். படிக்கட்டில் ஆண்களின் காலடிச் சத்தம். ஸுஹ்தி வந்துகொண்டிருந்தார். பின்னால் பள்ளிவாசல் இமாம், சின்ன வயதுக்காரர். பெண்கள் இருப்பதால் படியிலேயே சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவருக்குக் கீழே இன்னும் நாலைந்து ஆண்கள், ஜனாஸாவைத் தூக்க வந்தவர்கள்.

என்ன தகராறு என்று ஸுஹ்தி கேட்டார். நஜாஹ் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு இன்ஷிராஹ்வை அடுப்பங்கரைப் பக்கம் வரச்சொன்னார். இரண்டு நாள் தாடியிலும் அத்தர் மணந்தது.

"பேசாம இருந்துடு தீமாம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கீழ யார் யாரு நிக்கிறாங்க தெரியுமா? டயர்க்காரன் நிக்கிறான். நீ பொண்டாட்டின்னு அழுதுக்கிட்டுப் போனா, தலாக் நாடகம்னு நாளைக்கே வக்கீல் வைப்பாங்க. வீடு போயிடும். மூஞ்சியப் பாத்து என்ன ஆகப்போகுது? மனசுக்குள்ள துஆ கேளு."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளை உலுக்கியது. எப்போதும் அவர் சொல்வதில் தப்பிருக்காது. தம்பி கட்டிலில் கிடக்கும்போதும் அவர் குரல் அதே குரலாக, நிதானமாக, எந்தக் கடனுக்கு எது என்று பிரித்துக் கொடுக்கிற குரலாகவே இருந்தது.

தீமா பக்கத்தில் வந்து நின்றாள். இருபது வயது, கணக்கியல் படிக்கிறாள். பெரியவாப்பாவைப் பார்க்காமல் தாயிடம் மெதுவாகச் சொன்னாள்.

"வாப்பாவோட வேலைப் பணம் வரும் உம்மா. எனக்குப் பாதி. உங்களுக்கு எட்டுல ஒண்ணு. மிச்சம் பெரியவாப்பாவுக்கும் நஜாஹ் மாமிக்கும். நீங்க பொண்டாட்டி இல்லேன்னா அந்த எட்டுல ஒண்ணும் அவங்களுக்குத்தான்."

ஸுஹ்தி கோபப்படவில்லை. "மார்க்கம் சொல்ற கணக்கு அது. நானா போட்டேன்?" என்றார்.

இன்ஷிராஹ் அவரைத் தாண்டிப் போய்ப் படிக்கட்டு வாசலில் நின்றாள். தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். இமாமிடம், தன்னை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்றாள்.

இமாம் சுவரைப் பார்த்தபடியே நின்றார். 

"அக்கா, மன்னிக்கணும். தலாக் சொன்ன அந்த மூணு மாசத்துக்குள்ள அவர் உங்களைத் திரும்பச் சேத்துக்கிட்டாரா? வாயால சொல்லியோ... வேற வகையிலயோ?"

படியிலும் பின்னால் கூடத்திலும் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது அவளுக்கு முதுகில் தெரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் தாயிடம்கூட அவள் பேசாத ஒன்றை, டயர்க்காரருக்கும் அடுத்த மாடிக்காரிக்கும் முன்னால், மகள் பக்கத்தில் நிற்கச் சொல்லவேண்டும். சொன்னால்தான் அவன் முகம்.

"பத்தாம் நாளு" என்றாள். "வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு அப்புறம். அதுக்கப்புறமும்தான். எத்தனை தடவைன்னு கணக்கு வேணுமா?"

"சீ" என்றாள் நஜாஹ்.

"இதுக்குச் சாட்சி யாரு?" என்று ஸுஹ்தி கேட்டார். முப்பது வருடப் பழக்கம்.

இமாம் முதல் தடவையாகத் திரும்பினார். அவளைப் பார்க்கவில்லை, ஸுஹ்தியைத்தான் பார்த்தார்.

"இதுக்கெல்லாம் யாரு சாட்சி வைப்பாங்க அண்ணே? அவங்க மனைவிதான். வழி விடுங்க."

நஜாஹ் கையை எடுத்தாள்.

உள்ளே எல்லோரும் விலகி நின்றார்கள். ரஸ்மியின் முகத்தில் ஒன்றும் இல்லை. வலியும் இல்லை, நிம்மதியும் இல்லை. மூக்கில் பஞ்சு. நெற்றியில் கையை வைத்தாள். அழுகை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். வந்தது கோபம்தான். ஒரே ஒரு தடவை, அண்ணனிடம், நான் இவளோடுதான் இருக்கிறேன் என்று இந்த வாய் சொல்லியிருந்தால் போதும். அவள் இன்று படியில் சந்தி சிரிக்க நிற்கவேண்டியிருக்காது. குனிந்து முத்தமிட்டாள். கற்பூர வாசனை தொண்டை வரை இறங்கியது. பிறகு நிமிர்ந்து, தீமாவுக்கு இடம் விட்டாள்.

தூக்கிப் போனார்கள். தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஸுஹ்தியின் குரல் தெருவெங்கும் கேட்டது. என் தம்பி யாருக்காவது கடன்பட்டிருந்தால் என்னிடம் வாருங்கள், அது என் பொறுப்பு. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்கள், அண்ணன் என்றால் இவர்தான் அண்ணன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தீமா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

மாலையில் ஸுஹ்தி மேலே வந்தார். பக்கத்து வீட்டார் அனுப்பியிருந்த ஆட்டிறைச்சிச் சோற்றை நடையில் நாற்காலி போட்டுச் சாப்பிட்டார். இன்ஷிராஹ் கதவுக்கு உள்பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கோபத்தையெல்லாம் விட்டுவிட்டதாகச் சொன்னார். நடந்தது நடந்துவிட்டது, இனி ஆகவேண்டியதைப் பார்ப்போம் என்றார். வங்கியை முதலில் பார்க்கவேண்டும். வட்டிக்காரனை ஆறு மாதம் இழுக்கலாம். வீட்டைத் தீமா பெயருக்கு மாற்றுவது நல்லது, அல்லது அதைவிடப் பத்திரமாக, நம்பிக்கையான ஓர் ஆண் பெயருக்கு. சொல்லிக்கொண்டே எலும்பை உறிஞ்சினார். மஜ்ஜை வெளியே வரும் சத்தம் கதவு தாண்டிக் கேட்டது.

அப்போதுதான் டயர் கடை அபூ தஹ்ஸீன் படியேறி வந்தார். கனத்த உடம்பு, மூச்சு வாங்கியது. ஸுஹ்தி விரலைத் துடைத்துக்கொண்டு, உங்கள் பாக்கி எவ்வளவு, பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார். அபூ தஹ்ஸீன் அவரைத் தாண்டி வந்து நின்றார். கதவைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி, புருஷனுக்காக இருக்கிற இத்தா முடியட்டும். நாலு மாசம் பத்து நாள். அப்புறம் வரேன். பணம் எனக்கு வேணும், வேணாம்னு சொல்லமாட்டேன்."

"வாங்க" என்றாள் இன்ஷிராஹ். "வீடு என் பேர்லதான் இருக்கு. யார்கிட்டயும் பேச வேணாம், என்கிட்ட பேசுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். ஸுஹ்தி தட்டில் மிச்சமிருந்ததை வழித்துத் தின்றார். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு இருக்கிறதா என்று கேட்டார். தீமா கொண்டுவந்து வைத்தாள்.

எல்லோரும் போன பிறகு இன்ஷிராஹ் சோறு வந்த அந்தப் பெரிய தட்டை அடுப்பங்கரைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தாள். மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. குழாய் நூலாக ஒழுகியது. தட்டு முழுக்கக் கொழுப்பு வெள்ளையாக உறைந்து கிடந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அது விலகிப்போய்த் தட்டின் மறுகரையில் ஒட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டினாள். தீமா வந்து, அப்படியே விடுங்க உம்மா, வெந்நீர் வைக்கிறேன் என்றாள். அவள் விடவில்லை, சுரண்டிக்கொண்டே இருந்தாள்.