ஒரே ஒரு ஆண் மீன்

பெட்டி வந்து இறங்கி ஐந்து மணி நேரமாகியும் கைக்குக் கிடைக்கவில்லை. குவாதலஹாரா விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில், தகரக் கூரைக்கடியில், செனாய்தா உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். மே மாத வெயில். மிருக வைத்தியர் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வெளியே வரும். அவர் கிடங்கின் மறுகோடியில் வந்திறங்கிய குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குள் அரை விரல் நீள மீன்கள். வாலில் ஆரஞ்சுப் பட்டை. முட்டையிடாமல் குட்டி போடும் இனம். இந்த மலைப்பக்கத்து ஊற்றுகளில் ஒரு காலத்தில் கொழித்தவை. ஊற்று வற்றிய பிறகு முப்பது வருடமாக இங்கே ஒன்றுகூட இல்லை. வியன்னாவில் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர் மட்டும் தன் வீட்டுத் தொட்டிகளில் விடாமல் வளர்த்து வந்தார். கடிதம் எழுதி எழுதி அவரைக் கரைத்தது மொரேலியா நகரத்து மீன் வளர்ப்போர் சங்கம். ஒன்றரை வருடம் அலுவலகப் படியேறி இறக்குமதி அனுமதி வாங்கியது செனாய்தாவின் குவாதலஹாரா சங்கம். வருவதில் பாதிப் பாதி என்று பேச்சு.

மொரேலியா சார்பில் வந்திருந்தவர் எவாரிஸ்தோ. நான்கு வருடத்துக்கு முன் ஒரு கண்காட்சியில், நூறு பேர் நடுவே, அவள் வளர்த்த வேறு இன மீன்களைக் கலப்பினம் என்று சொன்னவர். அன்றிலிருந்து கடிதத்தில் மட்டும்தான் பேச்சு.

"சாப்பிட்டீங்களா?" பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். குழம்பில் ஊறிய ரொட்டி.

"வேணாம்."

"நீங்க நடந்தா மட்டும் அந்த டாக்டர் ஓடி வந்துருவாராம்மா?"

"உங்களுக்கென்ன, கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பீங்க. உள்ள மூணு நாளா பையில கிடக்குது சார்."

அவருக்கும் ரொட்டி பாதிக்குமேல் இறங்கவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

வைத்தியர் கையெழுத்துப் போட்டபின், நான்கு மணிக்குத் தெர்மோகோல் மூடியைத் திறந்தார்கள். முதல் பையிலேயே நாற்றம். முப்பது மீனில் ஒன்பது மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. எட்டுப் பெண். ஒரே ஒரு ஆண், அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தியது. ஒன்பதையும் புதுத் தண்ணீருள்ள ஒரே பெரிய பைக்கு மாற்றினார்கள். செனாய்தாவின் வீட்டில் சங்கத்தார் பதினோரு பேர் தொட்டியைச் சுற்றி நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள். ஒருத்தி கேக் வேறு வாங்கி வந்திருந்தாள்.

"ஒரே ஆணை எப்படிப் பிரிக்கிறது? காசு சுண்டிப் போட்டுருவோமா?" என்றார் எவாரிஸ்தோ.

அவள் கிடங்கு வாசல்வரை போய்த் திரும்பினாள். அவள் தெருவுக்கு மூன்று வாரமாகக் குளோரின் கலந்த லாரித் தண்ணீர்தான், மீனுக்கு ஆகாதது. சங்கத்தாரிடம் அதை அவள் சொல்லவில்லை. எப்படியும் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

"உங்க கிணறு இன்னும் ஊறுதா?"

"ஊறுது. மலைத் தண்ணி. ஏன்?"

"எல்லாத்தையும் நீங்களே கொண்டு போங்க."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "என்னை நம்புறீங்களா?"

"உங்களை யாரு நம்பினா? உங்க கிணத்துத் தண்ணிய நம்புறேன். நானும் வர்றேன். தொட்டியில விடற வரைக்கும் பெட்டி என் மடியிலதான்."

எவாரிஸ்தோவின் வண்டியில் ஏறியதும் வீட்டில் காத்திருந்தவர்களுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் ஒரே கூச்சல். "துரோகி" என்ற சொல் தெளிவாகக் கேட்டது. போனை அணைத்துக் காலடியில் போட்டாள்.

"அன்னிக்குக் கண்காட்சியில..." என்று ஆரம்பித்தார் எவாரிஸ்தோ.

"ரோட்டைப் பாருங்க."

நீலக் கற்றாழைத் தோட்டங்கள் தாண்டி ஒரு மணி நேரம் போயிருக்கும். மூடியை விலக்கிப் பார்த்தவள், "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினாள். அவர் பதறி ஓரங்கட்டினார். பையின் மூலையில், ஒரு தாய் மீனின் வயிற்றடியில், நகத்துண்டு போல ஒன்று துடித்தது. கண் மட்டும்தான் தெரிந்தது.

"குட்டியா?"

"மூச்சு விடாதீங்க, பை ஆடுது."

வெயில் படாமல் அவர் தொப்பியைக் கழற்றிப் பைக்கு மேலே பிடித்தார். பெரிய லாரிகள் இரைந்து கடக்க, வண்டி ஒவ்வொரு முறையும் அதிர்ந்தது. தொப்பி நிழலில், தாயின் வயிற்றுக்குக் கீழே, இரண்டாவது குட்டி பாதி வெளியே வந்து நின்றிருந்தது, வால் முதலில்.