சந்தி மருந்து

பெங்களூர் ராத்திரி பஸ்ஸை ஆரோக்கியநாதன் ஓட்டிய காலம் முழுக்க அந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டால் அவரே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு முதலாளி கோதண்டராமன், சென்னைக்குப் போகும் விடிகாலை பஸ்ஸைக் கொடுத்தார். புத்தம்புது வண்டி. பெருமை தாங்கவில்லை. ஆனால் உடம்பு ஒத்துக்கொள்ள வேண்டுமே! ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழிப்பு, விடிந்தால் சொக்கல். முதல் நாளே திண்டிவனம் வருவதற்குள் தலை ஆடிவிட்டது.

"ஈஸ்டர் முடியுற வரைக்கும் லீவுல இரு ஆரோக்கியம். அப்புறம் நானே பக்கத்துல உக்காந்து வரேன். அப்பவும் தூங்கி வழிஞ்சேன்னா வேற டிரைவரைப் போட்டுருவேன்" என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

மனைவி டெய்சி அவரைக் கடைத்தெருவில் இருக்கும் சித்த மருத்துவர் ஸ்ரீநிதியிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுதுண்ணா. இத்தனை வருஷம் அதைத் தலைகீழா ஓட்டிட்டீங்க. மருந்து, வெளிச்சம், சாப்பாடு மூணும் நேரத்துக்குப் போனாத்தான் சரியாவும்" என்றாள் ஸ்ரீநிதி. இரண்டு டப்பா கொடுத்தாள். தூக்கத்துக்கான அமுக்கரா சூரணத்தின் மேல் 'அந்தி, பாலில்' என்று எழுதினாள். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த காரப்பொடியின் மேல் 'சந்தி, தேனில்' என்று எழுதினாள்.

தவக்காலம் பாதி ஓடிவிட்டது. தூக்கம் வந்தபாடில்லை, முன்னைவிட மோசம்.

"யோவ், படுய்யா! கரண்ட் இல்லாமலே பல்பு மாதிரி எரியுது உன் கண்ணு" என்று டெய்சி திட்டித் தீர்த்தாள்.

அவர் நேரே மருத்துவரிடம் போய்க் கத்தினார். டெய்சியும் பின்னாலேயே ஓடினாள்.

"இன்னா மருந்து குடுத்தீங்க டாக்டரம்மா? ஒரு வேளை தப்பல. சந்தி மருந்தைச் சந்தியிலதான் சாப்ட்டேன்!"

"அதாவது எப்போண்ணா?"

"ராத்திரிச் சாப்பாட்டோட. அதான எனக்கு ஒருசந்தி?"

ஸ்ரீநிதி திருதிருவென்று விழித்தாள். டெய்சிதான் விளக்கினாள். தவக்காலத்தில் ஒரே ஒரு வேளை வயிறாரச் சாப்பிடுவதற்கு அவர்கள் கோயிலில் ஒருசந்தி என்று பெயர். மற்றவர்கள் மதியம் சாப்பிடுவார்கள். ராத்திரி பஸ் ஓட்டிப் பழகிய ஆரோக்கியநாதன் மட்டும் அதை ராத்திரியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அட ராமா! எங்க வைத்தியத்துல அந்தின்னா சாயங்காலம், சந்தின்னா விடியக்காலைண்ணா!"

முழிக்க வைக்கிற மருந்தைப் படுக்கப் போகும்போது விழுங்கியிருக்கிறார் மனுஷன்! டெய்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆரோக்கியநாதனுக்குச் சுருக்கென்றது.

"சிரிக்காத! எங்களுக்குச் சந்தின்னா ஒருசந்திதான். அதை மட்டும் வுடச் சொல்லாதீங்க டாக்டரம்மா, வேலையே போனாலும் வுட மாட்டேன்."

"விட வேணாம்ணா. நான்தான் கேட்டிருக்கணும், தப்பு என்னுது. அந்தச் சாப்பாட்டை மதியத்துக்கு மாத்திக்கோங்க." டப்பாவில் 'சந்தி'யை அடித்துவிட்டு 'விடியற்காலை' என்று எழுதினாள்.

அன்றிலிருந்து விடியற்காலையில் காரப்பொடியை நக்கிவிட்டு, கண்ணில் நீர் வழிய மொட்டைமாடியில் வெளிச்சத்தைப் பார்த்து நின்றார். மதியம் ஒருசந்தி. சாயங்காலம் அமுக்கராப் பால். கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் ராத்திரிக்குத் திரும்பியது. பெரிய வியாழன் பூசை முடிந்து வந்து படுத்தவர் விட்ட குறட்டையில் டெய்சி தலையணையோடு கூடத்துக்கு ஓடினாள்.

"எது டாக்டரம்மா வேலை செஞ்சுது? மருந்தா, வெயிலா, சோறா?" என்று ஆரோக்கியநாதன் மருத்துவரிடம் போய்க் கேட்டார்.

"மூணையும் சேத்துத்தான குடுத்தேன்? பிரிச்சுச் சொன்னா பொய்யாயிடும்ணா" என்று ஸ்ரீநிதி சிரித்தாள்.

ஈஸ்டர் முடிந்தது. முதலாளி சொன்னபடியே விடிகாலையில் வந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சாலையைப் பார்க்கவில்லை, ஆரோக்கியநாதனின் இமையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். திண்டிவனம் போனது. மதுராந்தகம் போனது. வெயில் கண்ணாடியில் நேராக அடித்தும் ஆரோக்கியநாதனுக்கு ஒரு கொட்டாவி கூட வரவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினார். செங்கல்பட்டு தாண்டியதும் அவர் தோளில் என்னவோ கனமாக வந்து சாய்ந்தது.

தாம்பரத்தில் வண்டியை ஓரங்கட்டினார்.

"மொதலாளி! எழுந்துருங்க மொதலாளி! டிரைவர் தூங்குறானான்னு பாக்க வேணாமா?"

பஸ்ஸே சிரித்தது. கோதண்டராமன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் வரலப்பா. இனிமே இது உன் வண்டி."