நாற்பத்தோராவது நிமிடம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கீழ்வீட்டு ஹிந்தா அக்கா ஒரு பென் டிரைவைக் கையில் திணித்து, "அழிச்சுடு தம்பி" என்றாள். எங்கள் கட்டடத்தில் கணினி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். ஆசாரமான யூதர்கள் வாழும் இந்த ப்னே ப்ராக்கில் கெட்ட பெயர் எடுக்க அதுவே போதும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மறைந்தவரின் குரல் அறையெங்கும் நிறைந்து—’ சகிக்கவில்லை. விட்டுவிட்டேன்.

2

அக்காவின் கணவர் ரவ் ஃபைவெல், வேதம் கற்பிக்கும் யூத குரு; தன் குரலைப் பதிவு செய்ய யாரையும் விடாதவர். வீட்டில் நடத்திய ஒரே ஒரு பாடம் மட்டும் எப்படியோ பதிவாகிவிட்டது. அதில் இன்னொரு அறிஞரின் தீர்ப்பைப் பெயர் சொல்லிக் கிண்டலடித்தார். பிறகு பார்த்தால் தப்பு இவருடையது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். சாவதற்கு முந்தைய வாரம் மனைவியிடம், அதை முழுசாக அழித்துவிடு, நகலும் கூடாது என்றார். அக்கா தலையாட்டியிருக்கிறாள்.

(கிண்டலை மட்டும் வெட்டினால் போதாதா என்பீர்கள். நானும் கேட்டேன். ‘முழுசா’ என்றுதான் சொன்னாராம்.)

3

பாடத்தில் இறைவனின் பெயர் வரும் இடமெல்லாம் ‘திருநாமம்’ என்றே சொல்கிறார். வீணாக உச்சரிக்கக் கூடாது. ஆனால் நாற்பத்தோராவது நிமிடத்தில் கண்ணாடித் தம்ளர் சத்தம் கேட்கிறது. அக்கா டீ கொண்டுவருகிறாள். குடிக்குமுன் சொல்லும் துதியில் உண்மையான பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்கிறார்.

அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். எழுதிய பெயரை அழிக்கக் கூடாது. பழைய காகிதமானாலும் மண்ணில்தான் புதைப்போம். அப்படியென்றால் இதையும் அழிக்க முடியாதில்லையா?

(இந்தக் கதையில் அந்தப் பெயரை நான் எழுதவில்லை. படித்துவிட்டுத் தைரியமாகத் தூக்கிப் போடலாம்.)

எல்லோரும் அனுமதி கேட்டுப் போகும் ரவ் எல்யாக்கிமிடம் அக்கா தடை கேட்டுப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கண்ணால் வாசிக்க முடியாதது எழுத்தாகாது, அழிக்கலாம் என்றார்.

அக்கா நகரவில்லை. "கூடாதுன்னு சொல்ல ஒருத்தர்கூடவா இல்ல?"

"ஒண்ணு ரெண்டு பேர் இருக்காங்கம்மா. ஆனா உங்க வீட்டுக்காரர் அவங்க பக்கம் இல்ல. இதே கேள்விக்கு, அழிக்கலாம்னு அவரே எழுதிக் குடுத்திருக்காரு."

அக்கா சிரித்துவிட்டாள். "போய்ச் சேர்ந்த பெறகும் விட்டுக் குடுக்கல, பாத்தீங்களா?"

4

முடிவு (அ): அழித்துவிடுகிறேன்.

முடிவு (ஆ): ஒரு நகலை ஒளித்துவைத்து, வருடா வருடம் அவர் இறந்த நாளில்— அடச்சே, இது திருட்டு.

ஒன்றை மறைத்துவிட்டேன். துதிக்கும் முதல் மிடறுக்கும் நடுவே பேசக் கூடாது. மிடறு இறங்குகிறது. அப்புறம் தாழ்ந்த குரலில், "ஹிந்தா, சர்க்கரை போட மறந்துட்ட" என்கிறார். அக்காவுக்கு வேண்டியது இந்த நாலு வார்த்தை. இங்கே எழுதியதும் நகல்தானா என்று ரவ்விடம் நான் கேட்கவில்லை.

கதை முடிந்ததும் அழித்துவிடுவதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நேற்று மாடிப்படியில் பார்த்து, முடிந்ததா என்றாள். இன்னும் ஒரு வரி பாக்கி என்றேன்.

"அவசரமில்ல தம்பி. மெதுவா எழுது."

ஆகவே வாசகரே, இந்தக் கதையின் கடைசி வரி