கிழமை, மணி, அப்புறம்தான் யானை

...மரபறிவாம், மலைமக்களின் மரபறிவாம், திரையில் இவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாள், எந்த மரபு, போன ஆடி மழையில் செல்வலட்சுமி என்கிற இவள் தொழிலாளர் லைன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தது அதற்குள் மரபாகிவிட்டதா? சின்னக்கானல் எஸ்டேட் சமுதாயக் கூடத்தின் மூன்றாவது வரிசையில், ரிசார்ட் வரவேற்பு வேலைக்கு ஒருநாள் லீவு சொல்லிவிட்டு வந்து, கைகளை இறுக்கிக் கட்டியபடி உட்கார்ந்திருந்தாள். மேடையில் கிருத்திகா. கொச்சியிலிருந்து வந்திருக்கும் நிபுணர்... பொய்ச் செய்தி, தொழில்நுட்பக் கொள்கை, டிஜிட்டல் குடிமக்கள், எல்லாவற்றுக்கும் இந்த ஒருத்திதான் நிபுணர். அந்தக் காட்டன் புடவை கசங்கவே இல்லை, இவ்வளவு தூரம் மலைப்பாதையில் காரில் வந்தவளுக்கு எப்படிக் கசங்காமல் இருக்கிறது? கீழே சமவெளியில், நல்லேப்பிள்ளியில் வயலும் தென்னந்தோப்பும் உள்ள வீட்டுப் பெண். அவள் படித்தால் நிபுணர். தேயிலைக் கொழுந்து எடுக்கும் வீட்டிலிருந்து முதன்முதலாக ஒருத்தி டிகிரி முடித்தால், பரவாயில்லையே, இங்கிலீஷ் வருமா, இந்தா அறைச் சாவி, கொண்டுபோய்க் கொடு.

போன வருஷம் இதே கிருத்திகா இரண்டு நாள் இவள் வீட்டில் தங்கினாள், அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை விரல் நக்கிச் சாப்பிட்டாள், போனை நடுவில் வைத்து எல்லாவற்றையும் பதிவுசெய்தாள். இவளும் கொட்டினாள், முட்டாள், ஒன்றுவிடாமல் கொட்டினாள்... யானைக் காவலர் பாண்டீஸ்வரன் அண்ணன் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் போடுவார், "இப்ப எறங்கிருச்சு" என்பார், அதை எவனோ மறுநாள் காலையில் வேறு குரூப்புக்கு அனுப்புவான், அங்கேயும் "இப்ப", போய்விட்ட யானைக்குப் பயந்து சனம் ஓடும், ஓடி ஓடிச் சலித்து ஒருநாள் ஓடாமல் நின்றார்கள், அன்றைக்குத்தான் செல்லத்துரை மாமாவின் கால் போனது. அதற்கப்புறம் லைன் லைனாக ஏறி இறங்கிச் சண்டைபோட்டுப் பழக்கினாள், முதலில் கிழமை சொல்லு, மணி சொல்லு, அப்புறம்தான் யானை. "இது பெரிய விசயமுங்க செல்வி" என்றாள் கிருத்திகா. அந்த வார்த்தையை நம்பித்தான் அவளுடைய அமைப்பிலேயே வேலைக்கு விண்ணப்பித்தாள். கள அனுபவம் போதாது என்று பதில் வந்தது. யானைக் காட்டில் பிறந்து வளர்ந்தவளுக்குக் களம் போதவில்லையாம்!

"இது பழைய முறைங்க, கேளுங்க" என்று கிருத்திகா மடிக்கணினியைத் தட்டினாள். பாண்டீஸ்வரன் அண்ணன் குரல் ஸ்பீக்கரில் அலறியது, "ஓடுங்க, ஓடுங்க, இப்ப பதினாலாம் நம்பர் காட்டுல எறங்கிருச்சு!" கிழமை இல்லை, மணி இல்லை. அறிவில்லையா இவளுக்கு, மலையில் வந்து இதை ஸ்பீக்கரில் போடலாமா? நினைத்து முடிப்பதற்குள் மடியில் போன் அதிர்ந்தது. வாசலில் நின்றுகொண்டிருந்த குடும்பஸ்ரீ மகளிர் குழுத் தலைவி ஜோமோள், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமலேயே, காதில் விழுந்ததை அப்படியே பதிவுசெய்து யானைக் குரூப்பில் போட்டுவிட்டாள். பதினொன்று பத்து. இது பழசு என்று சொல்ல நாக்கு எழுந்தது, எழுந்த நாக்கு அப்படியே நின்றது. கிருத்திகா அமைதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தவிக்கட்டுமே. யாராவது ஒருத்தர் மூச்சிரைக்க ஓடிவரட்டும், நிபுணர் போட்ட பொய்ச் செய்தியை ஊரே பார்க்கட்டும். பதினாலாம் தேயிலைக் காட்டில் இன்றைக்கு யார் கொழுந்து எடுக்கிறார்கள்? அம்மா இருபதாம் காடு என்றுதானே காலையில் சொன்னது... சொன்னதா? இன்னும் ஒரு நிமிஷம். அடுத்த படம், அதற்கடுத்த படம், கிருத்திகா சிரிக்கிறாள், பல்வரிசைகூட நேராக இருக்கிறது. வெளியே சரிவில் பெண்கள் கத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் இவள் விரல் பட்டனை அழுத்தியது. "செவ்வாக்கிழமை, பதினொன்னு பதினேழு. யானை வரல. அது கூட்டத்துல போட்ட பழைய வாய்ஸ். யாரும் ஓடாதீங்க."

கூடம் எழுந்துவிட்டது. "அய்யோ, நெசம்னு நெனச்சுப் போச்சு செல்வி" என்று ஜோமோள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கிருத்திகாவின் முகத்தில் ரத்தமே இல்லை... எதிர்பார்த்தது இதைத்தான், ஆனால் இனிக்கவில்லையே, ஏன்? போன் மறுபடி அதிர்ந்தது. அம்மா, சுருளியம்மாள், மகள் பழக்கிய முறை பிசகாமல்: "செவ்வாக்கிழமை, பதினொன்னு இருவது. யானையும் இல்ல, ஒரு பூனையும் இல்ல. எந்த நாறமுண்டடி இதப் போட்டது? கூடையோட உருண்டு முட்டி பேந்துபோயி பதினாலாங் காட்டுல உக்காந்திருக்கேன்." கூடத்தில் சிலர் சிரித்தார்கள். பதினாலிலா, இருபதில் இல்லையா? வாசலைப் பார்த்து ஓடிய இவளின் கையைக் கிருத்திகா பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையில் நோட்டு. "தப்பு என்னுதுங்க செல்வி, மறைக்க மாட்டேன், ரிப்போர்ட்ல எழுதிருவேன். நீங்கதான் காப்பாத்துனீங்க, அதையும் எழுதோணும். முழுப் பேரு சொல்லுங்க, அப்புறம் அந்த மெசேஜை எத்தனை மணிக்குப் பாத்தீங்க?" பேர். கடைசியில் பேர் கேட்கிறாள். செல்வலட்சுமி, சொல்லியாயிற்று, எழுதிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை, அதுவும் வந்தது. அடுத்தது மணி, இவள் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி மணிதான்... பதினொன்று பத்தா, பதினேழா? பேனா காத்துக்கொண்டிருந்தது.